நாற்பத்தொரு விநாடித் தெரு

கரண்ட் பாதி நாள் இருந்து பாதி நாள் இல்லாமல் போன அந்த வருஷத்து ஆவணி மாதத்தில், செங்கரைநல்லூரில் கேபிள் டிவி நடத்தும் பிச்சையா, தன் ஊர்ப் பெயர் அட்டையில் அச்சாகியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு டிவிடியை வாங்கிக்கொண்டு வந்தான். எண்பது வருஷத்துக்கு முந்தைய ஊமைப்படம் அது. ‘மரகதமாலினி அல்லது மூன்று சத்தியம்’ என்று பெயர். நம் ஊரில் யாரும் கேள்விப்படாத ஒரு குளிர் தேசத்துக் காப்பகத்தில், வேறு ஏதோ படத்தின் பெயர் எழுதிய தகர டப்பாவுக்குள் அது கிடந்ததாம். புளித்த காடி போல நாறிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த சுருளை அங்கே உள்ளவர்கள் பொறுமையாகப் பிரித்து, கழுவி, காயவைத்து, கீறலையும் புள்ளியையும் பூஞ்சையையும் ஒவ்வொரு படமாக உட்கார்ந்து எடுத்து, இரண்டு வருஷம் பாடுபட்டுப் புதுசாக்கி, ஒரு வெள்ளைக்காரரை விட்டுப் பியானோ வாசிக்கவைத்து டிஸ்க் போட்டு விற்றார்களாம். இதெல்லாம் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பிற்பாடு நடந்ததற்கு ஊரார் தேடிய விளக்கமும் அவ்வளவுதான். அத்தனை அக்கறையாகத் துடைத்து எடுத்தால் எதற்குத்தான் உயிர் வராது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

படத்தின் நடுவில் ஓர் இடம் வரும். அரண்மனையை விட்டு விரட்டப்பட்ட மரகதமாலினி, தலைவிரி கோலமாகச் செங்கரைநல்லூர் மேலத் தேர்வீதி வழியே நெஞ்சில் கை வைத்தபடி நடந்து போவாள். நாற்பத்தொரு விநாடி. அவளுக்குப் பின்னால் தெரு தெரியும், தெருவோடு தெருவாக அன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்த சனமும் தெரியும். பிச்சையாவுக்குத் தன் லோக்கல் சானலில் காலை பதினொரு மணிக்குப் போட வேறு சரக்கு இல்லாததால், தினமும் அதையே போட்டான்.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவள் கோமு. கோமு வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் சட்டைத்துணி தைப்பதுமாக இருந்தாள். புருஷன் தவறி ஆறு வருஷம் ஆகிறது, கூட இருப்பது எண்பத்தைந்து வயது அப்பா குற்றாலிங்கம் மட்டும். ஃபால்ஸ் அடிக்கிறவளுக்குக் கண் துணியில் இருக்கும், நூல் மாற்றும்போது மட்டும் டிவிக்குப் போகும். அப்படி நூல் மாற்றும்போது பார்த்தாள்: முந்தின நாள் மரகதமாலினிக்குப் பின்னால் இருந்த வீட்டு வாசலில் தாமரைக் கோலம் கிடந்தது, இன்றைக்கு அதே வாசலில் நெளிக்கோலம் கிடந்தது. மறுநாள் சின்னதாக ஒரு படிக்கோலம், அதுவும் அவசரத்தில் போட்ட மாதிரி கோணலாக. மரகதமாலினி மட்டும் அதே மாதிரி நெஞ்சில் கை வைத்து, அதே இடத்தில் தடுக்கி, அதே மாதிரி வானத்தைப் பார்த்தாள். கதை நின்ற இடத்தில் நிற்க, பின்னால் இருந்த தெரு மட்டும் ஒரு தடவை போட்டால் ஒரு நாள் என்று நகர்ந்துகொண்டிருந்தது.

“பேச்சி மைனி, அந்த வீட்டுக்காரி தினம் கோலத்த மாத்துதா, பாத்தியளா?” என்று கோமு அடுத்த வீட்டுப் பேச்சித்தாயிடம் கேட்டாள்.

“பின்ன, தினமும் ஒரே கோலத்தயா போடுவா?” என்றாள் பேச்சித்தாய். சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. உறைத்தாலும் பெரிதாக ஒன்றும் பதறவில்லை. அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று போய்விட்டாள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் அதே டிஸ்க்கை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, இங்கே கோலமும் மாறவில்லை, கூட்டமும் மாறவில்லை, உங்களுக்கெல்லாம் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று போனில் சொன்னார்கள். அங்கே மாறாததில் வியப்பு என்ன இருக்கிறது, அது என்ன அவர்கள் தெருவா என்று ஊரார் கேட்டார்கள். நடையை வைத்தும் காதை வைத்தும் வழுக்கையை வைத்தும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆட்களை அடையாளம் கண்டார்கள். பலசரக்குக் கடைக்காரர் வீட்டுப் பூட்டன், கடன் சொல்லாத யோக்கியர் என்று அதுவரை பேர் வாங்கியிருந்தவர், தினமும் வெற்றிலைக்காரியிடம் சண்டை போடுவது அம்பலமானது. வாத்தியார் வீட்டுப் பசு கார்த்திகை தீபத்தன்று கன்று போட்டது, அதற்கு இந்தப் பக்கம் வாத்தியார் வீட்டில் சீம்பால் காய்ச்ச முடியவில்லையே என்று வருத்தப்பட்டார்கள்.

அங்கே, படத்துக்குள், மார்கழி பிறந்தது. வாசலெல்லாம் சாணி உருண்டையில் பூசணிப் பூ உட்கார்ந்தது. இங்கே அப்போது புரட்டாசி, வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே உள்ளவர்கள் துண்டைத் தலையோடு சுற்றிக்கொண்டு வாயில் புகை விட்டபடி நிற்பதைப் பார்க்கும்போது இங்கே உள்ளவர்களுக்கும் லேசாகக் குளிர்ந்தது.

பிறகு ஒருநாள் பேச்சித்தாய் தன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் நின்று சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, படத்தில் ஓரமாக நின்ற ஒரு பொம்பளை நேரே அந்தப் பிள்ளையைப் பார்த்தாள், சிரித்தாள், இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். அன்றைக்கு ஊரே தெரிந்துகொண்டது, நாம் அவர்களைப் பார்ப்பது போல அவர்களும் நம்மைப் பார்க்கிறார்கள் என்று. அன்றோடு நைட்டியோடு படம் பார்ப்பது நின்றுபோனது, மேலே ஒரு துண்டாவது போட்டுக்கொண்டார்கள். ஆம்பிளைகள் பத்தரை மணிக்கே சட்டை மாட்டித் தலைசீவி உட்கார்ந்தார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த மாமியார் மருமகள்கூடப் பதினொரு மணிக்குச் சேர்ந்து உட்கார்ந்து நாற்பத்தொரு விநாடி ஒற்றுமையாக இருந்துவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

தப்பு ஒன்று நடந்தது. பிச்சையா ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் டிஸ்க்கைக் காப்பி போட்டுக் கொடுத்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிவி விற்கிற கடைக்காரர் அதை வாங்கி, கடை வாசலில் ஓடவிட்டுவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். படம் முடிந்து தன்னாலே திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு நாள் விட்டு மறுநாள் அவர் வந்து நிறுத்துவதற்குள், அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டும் அவ்வளவாகப் போகாததால், அங்கே பத்தொன்பது நாள் போய்விட்டது. பொங்கல் போய்விட்டது. எண்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு முழுப் பொங்கலை யாருமே பார்க்காமல் தொலைத்துவிட்டோமே என்று ஊர் கொதித்துப்போய்க் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டது. காப்பி எல்லாவற்றையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, கோயில் ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டுவது, பிச்சையாவின் ஒரு டிஸ்க் மட்டும், ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் என்று முடிவானது. அடுத்ததாகத் தேர் வருகிறது, அதையும் கோட்டை விட்டால் நாம் மனுஷர்களே இல்லை என்று ஒருவர் எழுந்து சொன்னார், எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

தேர் என்றால் செங்கரைநல்லூர்க்காரர்களுக்குச் சும்மா இல்லை. ஊரில் நான்கு தேர்வீதி இருக்கிறது, தேர் நிறுத்துகிற கல் மேடை இருக்கிறது, தேரடி என்று பஸ் ஸ்டாப்புகூட இருக்கிறது. தேர்தான் இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் எரிந்துபோனது. ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்கு, அங்கே பங்குனி உத்திரத்தன்று, அதே மேலத் தேர்வீதியில், காலையில் தேர் ஓடப்போகிறது. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்கள், இங்கே கணக்குக்குக் கார்த்திகை கடைசியில் வந்தது.

கோமு மட்டும் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேறு ஒன்று தெரிந்திருந்தது.

படத்தில் இடது பக்கம் ஒரு வேப்பமரம். அதன் அடியில் தினமும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, நான்கு வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவு பெரிய பையனைத் தூக்க முடியாமல் உடம்பை ஒரு பக்கமாக வளைத்துத்தான் நிற்பாள், ஆனால் இறக்கிவிட மாட்டாள். அந்தப் பையனின் இடது காது மடல் மேலே மடங்கியிருக்கும். நன்றாகத் துடைத்த படம், காது மடிப்பு வரைக்கும் தெரிந்தது. கோமு முந்தானையால் டிவியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். அதே காது அவளுக்கும் இருந்தது. அதே காதோடு அவள் அப்பா வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுவிட்டு அப்போதுதான் வெளியே போயிருந்தார்.

அப்படியென்றால் தூக்கிவைத்திருப்பது ஆவுடை.

ஆவுடையைக் கோமுவுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், மனுஷியாக இல்லை, வீட்டுக் கன்னியாக. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளையைக் கன்னி என்று வைத்து வீட்டில் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பூஜை அலமாரிக்கு மேலே ஒரு பனையோலைப் பெட்டி இருக்கும். பொங்கலுக்கு மறுநாள் அதில் புதுப் பாவாடை சட்டை வைத்து, வளையலும் ரிப்பனும் வைத்து, சர்க்கரைப் பொங்கல் படைப்பார்கள். போன வருஷத்துப் பாவாடையை எடுத்துத் தெருவில் ஏதாவது ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். தன் பதினாறு வயதிலிருந்து அந்தப் பாவாடையைத் தைப்பவள் கோமு. அம்மா சொல்லிக்கொடுத்த அளவு: இருபத்தெட்டு அங்குல உயரம். முப்பத்தாறு பாவாடை, எல்லாம் இருபத்தெட்டு அங்குலம். மற்றப் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது உள்பக்கமாக இரண்டு வரிசை டக் பிடித்து வைப்பாள், வளர வளரப் பிரித்து இறக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று. இதற்கு மட்டும் டக் கிடையாது. வளராத பிள்ளைக்கு எதற்கு டக்?

ஆவுடை எப்படிப் போனாள் என்பது கோமுவுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தேர் நாளில் போனாள் என்று மட்டும் அப்பா சொல்லியிருந்தார்.

அப்பா இந்தப் படத்தை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. பதினொரு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு லைப்ரரிக்குக் கிளம்பிவிடுவார். குற்றாலிங்கம் ரயில்வே கேட்டில் முப்பத்தாறு வருஷம் கேட் கீப்பராக இருந்தவர். ரயில் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னாடியே கேட்டைச் சாத்திவிட்டு, கலெக்டரே வந்தாலும் திறக்காமல், ஊரெல்லாம் வசவு வாங்கியவர். அவர் கேட்டில் ஓர் ஆட்டுக்குட்டிகூடச் சக்கரத்தில் அடிபட்டதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டார்.

அங்கே பங்குனி பிறந்து கொடி ஏறியது. படத்தின் வலது ஓரத்தில், அதுவரை கீற்று வைத்து மூடியிருந்த தேரின் ஒரு சக்கரம் மட்டும் தெரிய ஆரம்பித்தது. ஆள் உயரச் சக்கரம். தேர் முழுசும் அந்தப் பக்கம், படத்துக்கு வெளியே நின்றது. இன்னும் ஒன்பது நாள்தான். கோமுவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அப்பா லைப்ரரியிலிருந்து வந்து குடையை மாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டாள்.

“எப்பா, வேப்பமரத்தடில நிக்கது ஆவுடை அத்தைதான?”

அவர் திரும்பவில்லை. “எனக்கெப்படித் தெரியும்? நான் பாக்கல.”

“ஒங்களத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கா.”

குடை கைதவறி விழுந்தது. அவர் அதை எடுக்காமல் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார், உட்கார்ந்து வெகுநேரம் ஃபால்ஸ் துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். அதுவரை அவர் யாரிடமும், தன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதது.

“தேர் பாக்கக் கூட்டிட்டுப் போனா. ஓலைக் காத்தாடி வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். அவளே தென்னோல கிழிச்சு, கருவேல முள்ளக் குத்திச் செஞ்சு குடுத்தா. தேர் நகந்துது. எல்லாரும் வடத்தப் பிடிச்சு இழுக்காவ. முள்ளு முறிஞ்சு காத்தாடி கழண்டு ஓடிட்டு, சக்கரத்துக்கு முன்னால. நான் கத்துனேன். எடுத்துத் தான்னு கத்துனேன் கோமு. என்ன எறக்கி விட்டுட்டு ஓடுனா.” கீழே கிடந்த குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “அவ ஓடுனது எனக்கு நெனப்பில்ல. நான் கத்துனது நெனப்பிருக்கு.”

கோமு அழுதாள். அப்பா அழவில்லை, எண்பது வருஷமாக அழுது தீர்த்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தேர் பற்றிப் பேச ஊர் மறுபடியும் மண்டபத்தில் கூடியபோது கோமு எழுந்து நின்று சொல்லிவிட்டாள். அது ஆவுடை, எங்கள் வீட்டுக் கன்னி, தேர் நாளில் சக்கரத்தில் போகப்போகிறாள், அதை என்னாலும் பார்க்க முடியாது, நீங்களும் பார்க்க வேண்டாம், தேருக்கு முந்தின நாளோடு படத்தை நிறுத்திவிடுங்கள், அவள் பாட்டுக்கு வேப்பமரத்தடியில் நிற்கட்டும். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு கரண்ட் போய் அதுவும் நின்றது.

ஊர் பாவம், ரொம்பவும் சங்கடப்பட்டது. அறுபது வருஷமாகக் காத்திருந்த தேர். ஆனால் ஒரு பிள்ளை சாவதை வேடிக்கை பார்த்துத்தான் தேர் பார்க்க வேண்டுமா என்று பேச்சித்தாய் கேட்டாள். நாம் போட்டாலும் போடாவிட்டாலும் அது நடந்து முடிந்ததுதானே என்று பலசரக்குக் கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். பிச்சையா டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கவும் மனசில்லாமல் வைத்துக்கொள்ளவும் மனசில்லாமல் நின்றான்.

அப்போது மண்டபத்து வாசலிலிருந்து குற்றாலிங்கத்தின் குரல் கேட்டது. அவர் எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

“போடுங்க” என்றார்.

“எப்பா!”

“நீ சும்மா இரு. எம்பது வருஷமா அவள ஒன்பது வயசுலயே நிப்பாட்டி வச்சிருக்கோம். இன்னமும் நிப்பாட்டவா?” பிறகு பிச்சையாவைப் பார்த்து, “ஏ பிச்சையா, நாம இங்க எதக் காட்டுனாலும் அவங்களுக்குத் தெரியும்னு சொல்லுதாவளே, நெசந்தானா?” என்று கேட்டார்.

“நெசந்தான் பெரியப்பா. பேச்சிக்கா பேத்திக்கு நெட்டி முறிச்சாவ.”

“அப்ப சரி. ஒரே ஒரு ஒத்தாச வேணும். அன்னைக்கு ஊர்ல வேற எந்த டிவியும் ஓடப்பிடாது. எங்க வீட்டுல மட்டும் ஓடணும். ஆயிரம் பேரு நின்னா பிள்ள யாரப் பாக்கும்? அதுக்குக் கண்ணுக்கு ஒண்ணுதான் தெரியணும்.”

தேர் பார்க்க முடியாதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆனால் முணுமுணுத்தவரே முதலில் சரி என்றும் சொன்னார். அந்த ஊரின் குணம் அப்படி. அனுபவிக்கக் கிடைத்ததை விடமாட்டார்கள், விட வேண்டும் என்று ஆகிவிட்டால் சண்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக விடுவார்கள்.

அந்த நாள் வந்தது. காலையில் குற்றாலிங்கம் குளித்து, வேட்டி சட்டை மாற்றி, பச்சைத் தென்னோலை ஒன்றை வாங்கி வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான்கு வயதுக்குப் பிறகு அவர் கை தொடாத பொருள். கோமுவுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு தடவை காத்தாடி செய்து கொடுத்தபோது அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டவர். ஆனாலும் விரல் மறக்கவில்லை, அக்கா செய்ததை இடுப்பிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்த விரல். கிழித்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, நான்கு இறக்கையை விரித்துவிட்டு, நடுவில் குத்துவதற்குத் தேடினார்.

“கருவேல முள்ளு கொண்டாரட்டுமா எப்பா?”

“முள்ளு வேண்டாம். முறிஞ்சிரும்.”

அவள் தையல் டப்பாவைத் திறந்து, நீலப் பாசி வைத்த தலையுள்ள ஒரு குண்டூசியைக் கொடுத்தாள். அவர் அதைக் குத்தி, ஓலையின் நடுத்தண்டில் இறக்கி, முனையை வளைத்து, ஊதிப் பார்த்தார். சுற்றியது. இன்னொரு தடவை வளைத்து, இன்னொரு தடவை ஊதினார். ரயில் வருமுன் கேட் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பதினொரு மணிக்கு ஊரில் எல்லா டிவியும் அணைந்திருந்தது. பிச்சையா பிளேயரைக் கோமு வீட்டுக்கே கொண்டு வந்து மாட்டினான். பியானோ வேண்டாம் என்று சத்தத்தைக் குறைத்தான். வீட்டுக்குள் பத்துப் பேர்தான் கொள்ளும், அவர்களும் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றார்கள். மீதி ஊர் தெருவில் நின்றது. ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் பின்னால் உள்ளவர்களுக்குச் சொல்ல, அவர்கள் அவர்களுக்குப் பின்னால் உள்ளவர்களுக்குச் சொல்ல, தெரு முனை வரைக்கும் படம் போய்ச் சேர்ந்தது. குற்றாலிங்கம் டிவிக்கு நேரே ஸ்டூலில் உட்கார்ந்தார். கோமு அவருக்குப் பின்னால் டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு நின்றாள்.

மரகதமாலினி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வந்தாள். அவளை யார் பார்த்தார்கள்? பின்னால் தெரு கொள்ளாத கூட்டம். மாவிலைத் தோரணம். தரையில் மலைப்பாம்பு மாதிரி வடம். வேப்பமரத்தடியில் ஆவுடை, இடுப்பில் தம்பி, தம்பி கையில் காத்தாடி. எண்பது வருஷம் கழித்து முதல் தடவையாக அக்காவைப் பார்த்த குற்றாலிங்கம், “எம்மா, எவ்வளவு சின்னவ!” என்றார். அவர் நினைப்பில் அவள் பெரிய மனுஷியாக இருந்திருக்க வேண்டும்.

பத்தாவது விநாடியில் வடம் தரையை விட்டு எழுந்து விறைத்தது. வலது ஓரத்தில் சக்கரம் அசைந்தது. பையன் கையிலிருந்த காத்தாடி கழன்றது, விழுந்தது, தெருவில் உருண்டது, சக்கரத்துக்கு நேரே போய்ப் படுத்தது. பையன் வாயைத் திறந்தான். சத்தமில்லாத படத்தில் அந்த வாய் திறந்ததைக் கோமு வீட்டில் நின்ற ஒவ்வொருவரும் காதால் கேட்டார்கள். ஆவுடை அவனை இறக்கிவிடக் குனிந்தாள்.

“ஃபேனப் போடு!” என்று குற்றாலிங்கம் கத்தினார்.

காற்று வந்தது. அவர் கையை நீட்டி, திரையை ஒட்டினாற்போல் காத்தாடியைப் பிடித்தார். அது கரகரவென்று சுற்றியது, இறக்கையே தெரியாமல் வட்டமாகச் சுற்றியது. அவர் அக்காவைப் பார்க்கவில்லை, அந்த நான்கு வயதுப் பையனையே பார்த்தார். அந்தப் பையனை அவரைப் போல் யாருக்குத் தெரியும்? “இங்க பாருல. இங்க பாரு. அத விட்டுரு, இது ஓடாது. இதக் கேளு. இதக் கேட்டு அழு. கத்துல, நல்லாக் கத்து!”

பையன் பார்த்தான். கால் தரையில் படுமுன் பார்த்துவிட்டான். உடனே அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காலால் அவள் இடுப்பில் உதைத்து, இந்தப் பக்கம் கையை நீட்டிக் கத்தினான். ஆவுடை நிமிர்ந்தாள். சக்கரத்துக்கு முன்னால் கிடந்ததை ஒரு தடவை பார்த்தாள், தம்பி நீட்டிய கையைப் பார்த்தாள். அவன் கேட்டால் அவளுக்குக் கொடுத்தாக வேண்டும், அது அப்போதும் அப்படித்தான். தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே இந்தப் பக்கம் நடந்து வந்தாள்.

வந்தாள், வந்தாள், மரகதமாலினியையே இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். கடைசியில் திரை முழுக்க அவள் முகமாக ஆனது. மூக்கில் வியர்வை, பல்லில் ஒன்று விழுந்து முளைத்திருந்தது. அறுபது வருஷம் காத்திருந்த தேர் அவள் முகத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. ஜன்னலில் நின்ற பலசரக்குக் கடைக்காரர் மட்டும், “அந்தா, வகிட்டுக்கு மேல கலசம் போவுது!” என்றார். அவள் வகிட்டுக்கு மேலே நெல்மணி அளவுக்கு ஒரு கலசம் ஆடி ஆடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனது. செங்கரைநல்லூர்க்காரர்கள் தேர் பார்த்தது அவ்வளவுதான். தெருவில் நின்றவர்கள் எதையுமே பார்க்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நாற்பத்தொரு விநாடி முடிந்தது. மரகதமாலினி காட்டுக்குப் போய்ச் சேர்ந்து கதையைத் தொடர்ந்தாள். குற்றாலிங்கம் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கையில் காத்தாடி இல்லை. பிச்சையா குனிந்து டிவிக்கு அடியில் தேடினான், ஸ்டூலுக்கு அடியில் தேடினான். “தேடாதீங்க, குடுத்தாச்சு” என்றார் அவர். அதன் பிறகு அழுதார். நான்கு வயதில் கத்தியதற்குப் பிறகு அப்படி வாய்விட்டு அவர் அழுததே இல்லை. அவரை யாரும் தேற்றவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஊரில் எதுவும் மாறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய முனிசிபாலிட்டி ரிஜிஸ்டரில் ஆவுடையின் பெயருக்கு எதிரே இருந்த சாவுத் தேதி அப்படியே இருந்தது. குற்றாலிங்கத்துக்கும் அந்தச் சக்கரம் மறக்கவில்லை. ஆனால் மறுநாள் பதினொரு மணிக்கு அவர் லைப்ரரிக்குப் போகவில்லை. வேப்பமரத்தடியில் தேர்த்தடம் பதிந்த தெருவில் ஆவுடை நின்றாள், இடுப்பில் பையன், பையன் கையில் சுற்றிக்கொண்டிருந்த காத்தாடியின் நடுவில் பாசி வைத்த குண்டூசி. நன்றாகத் துடைத்த படம் என்பதால் பாசியில் வெயில் பட்டு மின்னுவதுகூடத் தெரிந்தது.

பிறகு அங்கே சித்திரை பிறந்தது. இங்கே மார்கழி முடியப்போனது. ஊர் பழையபடி தினமும் சட்டை மாட்டிக்கொண்டு பார்த்தது. கன்னிக்குப் படைக்கும் நாள் நெருங்கியது. இந்த வருஷம் பெட்டியில் பாவாடை வைப்பதா வேண்டாமா என்று பேச்சித்தாய்க்குச் சந்தேகம் வந்தது. “அவதான் இருக்காளே கோமு, பொறவு எப்படிக் கன்னின்னு கும்பிடுதது?” கோமுவுக்கும் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டாள்.

“சாமிக்கு வேண்டாம்னா, பிள்ளைக்குத் தச்சுக் குடு” என்றார் அவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோமு கத்திரிப்பூ நிறத்தில் துணி எடுத்து, மெஷின் பக்கத்தில் விரித்து, பழக்கத்தில் இருபத்தெட்டு அங்குலத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது மணி பதினொன்று தாண்டி மரகதமாலினி தெருவுக்குள் வந்திருந்தாள். கோமு நூல் மாற்றும்போது பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தாறு வருஷம் பாவாடை தைத்த கண் அது. வேப்பமரத்தடியில் நின்ற பிள்ளையின் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

அவள் போட்ட கோட்டை அழித்தாள். முப்பத்தோர் அங்குலத்துக்கு வெட்டி, உள்பக்கமாக இரண்டு வரிசை டக் பிடித்துத் தைத்தாள்.